இன்சூரன்ஸ் முடிந்தால் படுக்கையும் முடிந்ததா?

கேள்வி: அக்கா, வணக்கம். நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 76 வயது. இருபத்தைந்து வருடம் இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்குச் சாதாரண மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ், இருக்கிறது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார், அப்புறம் ரீஹாப் என்று ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார்கள். இன்றோடு 34 நாள். வலது கையும் காலும் இன்னும் வரவில்லை, இரண்டு பேர் பிடித்தால்தான் எழுந்து நிற்கிறார். பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது, ஆனால் தமிழ் மட்டும்தான், இங்கிலீஷ் சுத்தமாகப் போய்விட்டது. இன்று நான் ஆபீஸிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அங்கிருக்கும் சோஷியல் வொர்க்கர் அப்பாவிடம் டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார். அப்பா இடது கையால் ஏதோ கிறுக்கியிருக்கிறார். "சனிக்கிழமையோடு இன்சூரன்ஸ் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய்விடுங்கள், இல்லையென்றால் தினமும் பில் ஏறும்" என்கிறார்கள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முட்டிவலி. சேர்க்கும்போது 'ரெஸ்பான்ஸிபிள் பார்ட்டி' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பில் என் தலையில் விழுமா? எதிர்த்துப் பேசினால் அப்பாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. அம்மாவோ, "வேண்டாங்கிறவங்ககிட்ட எதுக்குடா கெஞ்சணும், கூட்டிட்டு வந்துடு" என்கிறார்.

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய வியாழக்கிழமை ராத்திரியே இரண்டு வரி பதில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்குள் அப்பா கையெழுத்துப் போட்ட நோட்டீஸில் இருக்கும் நம்பரைக் கூப்பிடுங்கள், அதுவரை வேறு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று. காலை ஒன்பதரைக்கே கூப்பிட்டு அப்பீலைப் பதிவு செய்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஏன் அப்படி அவசரப்படுத்தினேன், இனி என்ன செய்யவேண்டும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களும் படிக்கட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். உங்களிடம் அவர்கள் சொன்ன ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மெடிகேர் பணம் கொடுப்பது நிற்கப்போகிறது என்பது. இன்னொன்று, அப்பா அந்த இடத்தைவிட்டுப் போகவேண்டும் என்பது. முதலாவது நடந்தால் இரண்டாவதும் தானாக நடந்துவிடும் என்பதுபோலத்தான் எல்லா இடத்திலும் சொல்லுவார்கள், குடும்பமும் அப்படியே நம்பி ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு போய் நிற்கும். ஆனால் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி நோட்டீஸ், தனித்தனி அப்பீல், தனித்தனி கெடு. அப்பா டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டது முதலாவதுக்கான நோட்டீஸில் மட்டும்தான். வெளியே போகச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் கைக்கு இன்னும் வரவே இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பதினாறு வருடம் நர்சிங் ஹோம்களில் அதே சோஷியல் வொர்க்கர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வெள்ளிக்கிழமை மாலைதான் இன்சூரன்ஸ் முடிகிறவர்களின் பட்டியல் கைக்கு வரும். ஒருமுறை நாலரை மணிக்குச் சாப்பாட்டு அறையில் ஒரு வயதான அம்மாவிடம் அந்த நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் அதை நாலாக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டு மெனு என்று நினைத்திருக்கிறார். திங்கட்கிழமை அவருடைய மகள் வந்து அந்தக் கூட்டைத் திறந்தபோது அப்பீல் கெடு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. சட்டப்படி நான் கொடுத்துவிட்டேன், சரி. அந்த அம்மாவுக்குப் புரியும்படி கொடுத்தேனா என்றால் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது, அதனால்தான் இந்த மாதிரிக் கடிதம் வந்தால் ராத்திரியே பதில் எழுதிவிடுகிறேன்.

சரி, மெடிகேர் நோட்டீஸ். கவரேஜ் முடிவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் அதைக் கொடுத்தாக வேண்டும். அதில் கடைசித் தேதி போட்டிருக்கும், அந்தத் தேதிக்கு முந்தின நாள் மதியம் 12 மணிக்குள் நாம் கூப்பிடவேண்டும். கூப்பிடவேண்டியது நர்சிங் ஹோமையோ மெடிகேர் அலுவலகத்தையோ அல்ல. மெடிகேர் அமர்த்தியிருக்கும் தனி மறுஆய்வு அமைப்பு ஒன்று இருக்கிறது, க்யூஐஓ என்பார்கள். அதன் நம்பர் நோட்டீஸிலேயே இருக்கும். காசு எதுவும் கிடையாது, வக்கீலும் வேண்டாம், போனில் சொன்னால் போதும். சனி, ஞாயிறும் எடுப்பார்கள். நீங்கள் கூப்பிட்ட அன்றே நர்சிங் ஹோம் க்யூஐஓவுக்கு அப்பாவின் மெடிக்கல் ரெக்கார்டுகளையும், உங்களுக்குக் கவரேஜ் ஏன் முடிகிறது என்ற விளக்கக் கடிதத்தையும் கொடுக்கவேண்டும். சாதாரண மெடிகேரில் முடிவு பொதுவாக அந்தக் கடைசித் தேதியிலிருந்து இரண்டு நாளுக்குள் வந்துவிடும். தோற்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆன செலவு உங்கள் பக்கம் வரலாம் என்பது உண்மைதான், ஆனால் அது ஒன்றிரண்டு நாள் கணக்கு. அந்தப் பயத்தில் அப்பீலே போடாமல் விடாதீர்கள். தனியார் கம்பெனி வழியாக மெடிகேர் தரும் அட்வான்டேஜ் பிளான் வைத்திருப்பவர்களுக்கும் இதே நோட்டீஸ், இதே மதியம் 12 மணிதான். கெடு தவறிவிட்டாலும் கூப்பிடுங்கள், தாமதமான அப்பீலையும் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, பதில் மெதுவாக வரும், பாதுகாப்பும் குறையும், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டது பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தக் கையெழுத்துக்கு "கிடைத்தது" என்றுதான் அர்த்தம், "சம்மதம்" என்று அர்த்தமில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நீங்களே அதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு இப்போது இங்கிலீஷ் வரவில்லை. பக்கவாதம் மூளையில் பேச்சுப் பகுதியைத் தாக்கும்போது இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் ஒன்று திரும்பி வந்து மற்றொன்று வராமலே இருக்கும். அந்த மனிதரிடம் இங்கிலீஷ் நோட்டீஸை டேப்லெட்டில் காட்டி இடது கையால் கிறுக்கச் சொன்னால், அது நோட்டீஸ் கொடுத்ததாக ஆகாது. படித்துப் புரிந்துகொள்ள முடியாதவராக இருந்தால் அவருடைய பிரதிநிதியிடம் கொடுக்கவேண்டும் என்பது மெடிகேர் விதி. ஒழுங்கான நோட்டீஸ் கொடுக்கப்படாத வரைக்கும் செலவு நர்சிங் ஹோம் தலையில்தான். க்யூஐஓவிலிருந்து உங்களைத் திரும்பக் கூப்பிடும்போது இதைத்தான் முதலில் சொல்லுங்கள். அப்பாவின் ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிய குறிப்பில் 'இங்கிலீஷில் புரிந்துகொள்ளவில்லை' என்ற மாதிரி ஒரு வரி கண்டிப்பாக இருக்கும், அதைத் தேடி எடுங்கள். மெடிக்கல் ரெக்கார்டைப் பார்க்கக் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் காட்டவேண்டும், விடுமுறை நாள் கணக்கில் வராது. காப்பி கேட்டால் இரண்டு வேலை நாள்.

அடுத்தது, "முன்னேற்றம் நின்றுவிட்டது" என்ற வார்த்தை. விளக்கக் கடிதத்தில் இது வரும், அநேகமாக எல்லாக் கடிதத்திலும் வருகிறது. இதைப் படித்ததும் நம் ஆட்கள், டாக்டரே சொல்லிவிட்டார் என்று தலையாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். வெர்மான்ட் பெடரல் கோர்ட்டில் நடந்த ஜிம்மோ வழக்கில் 2013 ஜனவரியில் வந்த சமரசத் தீர்ப்பு என்ன சொல்கிறதென்றால், நோயாளி முன்னேறுவாரா என்பது கேள்வியே இல்லை. இருக்கிற நிலையைக் காப்பாற்றவோ, மோசமாகாமல் தடுக்கவோ, பயிற்சி பெற்ற நர்ஸோ தெரபிஸ்டோதான் வேண்டும் என்றால் மெடிகேர் கொடுக்கவேண்டும். இரண்டு பேர் பிடித்து நிற்கிற ஒரு மனிதருக்கு, வலது தோள் இறங்கிப்போகாமல், கால் மடங்கி இறுகிப்போகாமல் பார்க்க ஆள் வேண்டும் இல்லையா? அந்த மாதிரி வார்த்தைகளில் அப்பாவின் நியூராலஜிஸ்டிடம் நாலு வரிக் கடிதம் வாங்குங்கள். "இன்னும் தெரபி வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோஜனமில்லை. எந்த வேலைக்கு, வாரத்தில் எத்தனை நாள், யார் செய்யவேண்டும், நிறுத்தினால் உடம்பில் என்ன ஆகும் என்று இருக்கவேண்டும்.

நாள் கணக்கும் தெரிந்திருக்கட்டும். மூன்று நாளாவது உள்நோயாளியாக ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவருக்கு மெடிகேர் 100 நாள் வரை உண்டு. முதல் 20 நாள் முழுதாக. 21-ஆம் நாளிலிருந்து தினம் ஒரு பங்கு நம்முடையது, 2025-இல் அது நாளைக்கு 209.50 டாலராக இருந்தது. துணை இன்சூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் அது கட்டிவிடும். அப்பா 34-இல் இருக்கிறார். "உங்கள் நாட்கள் முடிந்துவிட்டன" என்று யாராவது சொன்னால் அது தப்பு. 100 என்பது உறுதி அல்ல, உச்சவரம்பு, ஆனால் 66 இன்னும் மிச்சமிருக்கிறது.

இனி இரண்டாவது சங்கதி, வெளியே போகச் சொல்வது. ஒருவேளை க்யூஐஓவில் தோற்றே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இறக்கிவிட முடியாது. 1987-இல் ரீகன் கையெழுத்திட்டு வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், மெடிகேரிடமோ, வசதி குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்டிடமோ பணம் வாங்கும் எந்த நர்சிங் ஹோமையும் கட்டுப்படுத்தும். அதன்படி ஒருவரை அனுப்ப ஆறே காரணங்கள்தான். அவருக்குத் தேவையானதை அங்கே செய்ய முடியவில்லை. குணமாகிவிட்டார், அந்தச் சேவை இனி வேண்டாம். அவர் நடத்தையாலோ நிலையாலோ மற்றவர்கள் பாதுகாப்புக்கு ஆபத்து. மற்றவர்கள் ஆரோக்கியத்துக்கு ஆபத்து. முறையாகக் கேட்டும் பணம் கட்டவில்லை. அந்த இடத்தையே மூடுகிறார்கள். இதில் 'மெடிகேர் முடிந்துவிட்டது' என்பது இல்லை, பாருங்கள். 'இது ரீஹாப் படுக்கை, லாங் டேர்ம் படுக்கை காலி இல்லை' என்பதும் இல்லை. இதைத்தான் அடுத்து உங்களிடம் சொல்லப்போகிறார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெடிகேர் கொடுப்பது அதிகம், மெடிகெய்ட் கொடுப்பது குறைவு, அந்தப் படுக்கைக்கு அடுத்த மெடிகேர் ஆளைக் கொண்டுவந்தால் அவர்களுக்கு லாபம். அவ்வளவுதான் கணக்கு.

ஆறில் ஒன்று இருந்தாலும் 30 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும். அவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற விதத்தில் என்று விதியிலேயே இருக்கிறது. என்ன காரணம், எந்தத் தேதி, எந்த இடத்துக்கு அனுப்புகிறார்கள், அப்பீல் எங்கே எப்படிப் போடுவது, நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்காகப் பேசும் ஓம்பட்ஸ்மன் என்ற அதிகாரியின் விலாசம் என்ன, எல்லாம் இருக்கவேண்டும், அதன் நகல் மாநில ஓம்பட்ஸ்மனுக்கும் போகவேண்டும். 30 நாள் தங்காதவருக்கு, அவசர மருத்துவத் தேவைக்கு, ஆபத்துக்கு, சீக்கிரமே அனுப்பலாம் என்கிற அளவுக்குக் குணமானவருக்கு 30 நாள் கெடு குறையலாம். அப்பா 30-ஐத் தாண்டிவிட்டார், இரண்டு பேர் பிடித்து நிற்பவரைக் குணமானவர் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். குணமாகிவிட்டார் என்று காரணம் போட்டால் அவருடைய டாக்டர் ரெக்கார்டில் எழுதியே ஆகவேண்டும், அட்மினிஸ்ட்ரேட்டர் வாய்வார்த்தை போதாது. நோட்டீஸ் வந்ததும் உடனே அப்பீல் போடுங்கள். இது க்யூஐஓ இல்லை, மாநிலத்தின் விசாரணை. அந்த அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை அனுப்பக்கூடாது, உண்மையான ஆபத்து என்று ஆவணப்படுத்தினால் தவிர. கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் நோட்டீஸில் போட்டிருக்கும் நாளைப் பாருங்கள், ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

அந்த நோட்டீஸில் 'இடம்' என்ற ஒரு வரியை விரல் வைத்துப் படியுங்கள். 'வீடு' என்று ஒரே வார்த்தை இருக்கும். எந்த வீடு? லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி. நிற்கவே இரண்டு ஆள் வேண்டியவரை யார் தூக்கிக்கொண்டு ஏறுவது, முட்டிவலிக்கார அம்மாவா? பாதுகாப்பான, முன்னேற்பாடு செய்யப்பட்ட டிஸ்சார்ஜாக இருக்கவேண்டும் என்பது விதி. படிகளை எண்ணுங்கள், போட்டோ எடுங்கள், குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்து எழுதுங்கள், வீல்சேர் நுழையுமா என்று பாருங்கள். விசாரணையில் நூறு வார்த்தை பேசுவதைவிட அந்தப் போட்டோ பேசும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, நல்ல படித்த குடும்பங்களே அதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் "சரி, நாங்களே கூட்டிப் போகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது அவர்கள் அனுப்பியது ஆகாது, நீங்கள் விரும்பிப் போனது ஆகிவிடும். விரும்பிப் போகிறவருக்கு 30 நாள் நோட்டீஸும் கிடையாது, அப்பீலும் கிடையாது. அதனால்தான் போனில் சாதுவாக "எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று கேட்பார்கள். அதற்கு மணி சொல்லாதீர்கள். "டிஸ்சார்ஜுக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை, அனுப்புவதாக இருந்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்" என்று சொல்லுங்கள், அதையே அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாகவும் போட்டுவிடுங்கள். சத்தம் போடவேண்டாம், சண்டை வேண்டாம், இந்த வாக்கியம் போதும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஏதோ ஒரு காரணம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது படுக்கை இல்லை என்பார்கள். உங்கள் விஷயத்தில் நடக்கும் என்று சொல்லவில்லை. நடந்தால், அதுவும் அவர்கள் அனுப்பியதாகவே கணக்கு, நோட்டீஸும் அப்பீல் உரிமையும் அங்கேயும் உண்டு.

பணத்துக்கு வருகிறேன். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: தங்கும் உரிமை இருக்கிறது என்பதற்காகத் தங்குவது இலவசம் ஆகிவிடாது. மெடிகேர் நின்றபின் தினக் கட்டணம் ஓடும், நியூஜெர்சியில் அது மாதத்துக்குப் பத்தாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். கட்டாமலே இருந்தால் ஆறு காரணங்களில் ஒன்றை நாமே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். ஆனால் மெடிகெய்டுக்கு விண்ணப்பித்து, கேட்ட காகிதங்களைக் கொடுத்து, முடிவு வராமல் இருக்கும் நேரத்தில் அதைப் 'பணம் கட்டாதது' என்று சொல்ல முடியாது. அதனால் அப்பீல் ஒரு பக்கம் ஓடட்டும், இந்த வாரமே மெடிகெய்ட் பற்றி முதியோர் சட்டம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அம்மா வீட்டில் தனியாக வாழ்வதற்கென்று சொத்திலும் வருமானத்திலும் ஒரு பங்கை ஒதுக்க சட்டமே இடம் தருகிறது, எல்லாவற்றையும் கரைத்துவிட்டுத்தான் மெடிகெய்ட் என்று பயப்படவேண்டாம். ஐந்து வருடத்துக்குள் அப்பா யாருக்காவது பெரிய தொகை கொடுத்திருந்தால், ஊரில் வீடு கட்ட, கல்யாணத்துக்கு, எதற்கானாலும், அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் 'ரெஸ்பான்ஸிபிள் பார்ட்டி' கையெழுத்து: சேர்த்துக்கொள்வதற்காகவோ தொடர்ந்து வைத்திருப்பதற்காகவோ மூன்றாம் மனிதரிடம் பணத்துக்கு ஜாமீன் கேட்கக்கூடாது என்று பெடரல் சட்டம் தடுக்கிறது. அப்பாவின் பணம் உங்கள் கையில் இருந்தால் அவர் பணத்திலிருந்து கட்டுவதாக ஒப்புக்கொள்ளச் சொல்லலாம், உங்கள் பணத்திலிருந்து அல்ல. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள். பக்கத்து பென்சில்வேனியாவில் பிள்ளைகளைப் பொறுப்பாக்கும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, 2012-இல் ஒரு மகன் தன் அம்மாவின் 93,000 டாலர் பில்லைக் கட்டவேண்டும் என்று அங்கே கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே எந்த மாநிலம், எந்த வார்த்தை என்பது முக்கியம்.

கவனிப்பார்களா என்ற பயம். இது எல்லோருக்கும் இருக்கிறது, அதிலும் நம் குடும்பங்களில் கூடுதலாக இருக்கிறது, பெரியவர் அவர்கள் கையில் இருக்கிறார், பேசாமல் இருப்போம் என்று. பழிவாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் விதி ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா பக்கத்தில் வந்து நிற்காது. அதனால் ஓம்பட்ஸ்மனை இப்போதே கூப்பிடுங்கள். இவர்கள் வேலையே அங்கே இருப்பவருக்காகப் பேசுவதுதான், இலவசம், நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். நர்சிங் ஹோம் சுவரில் அவர்கள் நம்பர் ஒட்டியிருக்கவேண்டும். கண்ணில் படவில்லை என்றால் 1-800-677-1116 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள். மெடிகேர் பற்றிய கேள்விக்கு 1-800-633-4227. டிஸ்சார்ஜ் புகார்தான் ஓம்பட்ஸ்மன்களுக்கு வருடா வருடம் அதிகம் வருவதில் முன்னால் நிற்கிறது, உங்கள் கதை அவர்களுக்குப் புதிதாக இருக்காது. அப்புறம், வெவ்வேறு நேரத்தில் போய் வாருங்கள். தினமும் ஆறு மணிக்கே போனால் ஆறு மணிக்கு மட்டும் எல்லாம் பளிச்சென்று இருக்கும். என் அனுபவத்தில், யாரும் வந்து பார்க்காத ஆளுக்குத்தான் கவனிப்பு குறைகிறது. கேள்வி கேட்கிற மகன் இருக்கிறவருக்கு அல்ல. அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் உதவியாளர்களுக்கும் இந்த நோட்டீஸுக்கும் சம்பந்தமே இல்லை, அவர்களிடம் எப்போதும்போல அன்பாக இருங்கள். 'தண்ணி', 'வலி', 'பாத்ரூம்' என்று நாலைந்து தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில், படத்தோடு, பெரிதாக எழுதி அப்பாவின் படுக்கைக்கு மேலே ஒட்டுங்கள். அதற்கு எந்த அப்பீலும் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம்.

கடைசியாக அம்மா. அவர் சொல்வதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவரை யாரோ மூட்டையைத் தூக்கு என்கிற மாதிரிப் பேசினால் அம்மாவுக்குச் சுடத்தான் செய்யும். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கெஞ்சவில்லை அம்மா, அப்பா இருபத்தைந்து வருடம் சம்பளத்திலிருந்து கட்டின மெடிகேர் வரிக்கு உண்டானதைக் கேட்கிறோம். வீட்டுக்கே கூட்டிப்போகவேண்டும் என்று நீங்கள் எல்லோரும் முடிவு செய்தால் அதுவும் நல்ல முடிவுதான், பலர் வீட்டில் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். ஆனால் தேதியை நர்சிங் ஹோம் குறிக்கவேண்டாம், நீங்கள் குறியுங்கள். அதற்கு முன்னால் எழுத்தில் கேர் பிளான் மீட்டிங் ஒன்று கேளுங்கள், போனிலாவது ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும், அப்பாவும் அந்த அறையில் இருக்கட்டும். கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைக்குமா பாருங்கள். கட்டில், வீல்சேர், கமோடு நாற்காலி வீட்டுக்கு வந்து சேர்ந்து, வீட்டுக்கு வரப்போகும் நர்ஸ் எந்தக் கிழமை வருகிறார் என்று தெரிந்து, அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை அம்மாவும் நீங்களும் தெரபிஸ்ட் முன்னால் மூன்று தடவையாவது செய்து பார்த்து, மூன்றாவது தடவை அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் இருந்தால், அப்போது நாள் பாருங்கள்.